சீல் வைத்த ஆறு கப்

பிப்ரவரி 25, புதன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மீன் தொட்டியில் நத்தை இருக்கிறது. மொத்தம் பதினான்கு. இன்று காலை ஏழு மணிக்கு நானே எண்ணினேன். நிழலையும் கல்லையும் நத்தை என்று நினைத்துவிட்டேன் என்று நீங்கள் எழுதக்கூடும் என்பதால், ஏழேகாலுக்குக் கைலென்ஸ் வைத்து மறுபடி எண்ணினேன். அப்போதும் பதினான்குதான். கண் ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. இப்போது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரிகிறது.

இந்தத் தொட்டி என் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை ஒரு முறை எழுதி வைத்துவிடுகிறேன். நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன், பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று என் மகள் வெளிநாட்டிலிருந்து உங்களுக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை. பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து முன்னறையில் தொட்டியை வைத்து, மண் போட்டு, செடி நட்டீர்கள். செடி கடையில் வாங்கியது, ஆறு கப், ஒவ்வொன்றும் சீல் வைத்தது, வீட்டிலேயே பிரித்துச் சுத்தம் செய்து டப்பாவில் கொண்டுவந்தேன் என்றீர்கள். "ஒரு தூசி கூட வராது அத்தை, நான் கேரண்டி" என்றீர்கள். அந்த கேரண்டி இப்போது கண்ணாடியில் ஊர்கிறது.

லிஃப்ட் மெக்கானிக் வைக்கும் தொட்டியாவது நேராக நிற்கும் என்று நினைத்தேன். அதுவும் இடது பக்கம் அரை விரல் இறங்கியிருக்கிறது.

என் மகளின் ஒன்றரை வருஷ ஒப்பந்தம் முடிந்து மார்ச் 29 ஞாயிறு வருகிறாள். அவளுக்குப் புது வேலை இந்த ஊரில். நீங்கள் இருவரும் என் மாடி வீட்டில் குடியிருக்கலாமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நத்தை அந்த யோசனைக்கு உதவி செய்யவில்லை.

போனில் பேச வேண்டாம். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. தவிர, போனில் சொன்னதை நீங்கள் அடுத்த வாரம் சொல்லவில்லை என்பீர்கள். எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்


பிப்ரவரி 28, சனி

மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். நலம். உங்கள் நலமும் கண்ணும் நன்றாக இருக்க விரும்புகிறேன். கடிதம் நேற்று கிடைத்தது.

நத்தை விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சில சமயம் முட்டை வரும். எங்கள் ஊர்த் தண்ணீரில் வராது, உங்கள் ஊரில் வரலாம். செடியில் வர வாய்ப்பே இல்லை, எல்லாம் சீல் வைத்த கப். சாயங்காலம் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். நத்தையெல்லாம் அதில் ஏறியிருக்கும். அப்படியே தூக்கி வெளியே போட்டுவிடலாம். அதிலும் போகாவிட்டால் மருந்து பாட்டில் ஒன்று இருக்கிறது, வாங்கி அனுப்புகிறேன்.

தொட்டி சாயவில்லை அத்தை. மட்டப்பலகை வைத்துப் பார்த்துத்தான் வைத்தேன். உங்கள் தரைதான் கொஞ்சம் சரிவு.

மாடி பற்றி நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்


மார்ச் 3, செவ்வாய்

மாப்பிள்ளைக்கு,

இன்றைய எண்ணிக்கை முப்பத்தொன்று. வெள்ளரியில் ஏறிய ஒன்பதை எடுத்த பிறகு இவ்வளவு.

உங்கள் குழாய்த் தண்ணீர்க் கதையை எங்கள் தெரு முனையில் மீன் கடை வைத்திருப்பவரிடம் சொன்னேன். அவரிடம்தான் நானே போய் எட்டு மீன் வாங்கினேன். அவர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கொழாத் தண்ணியில நத்தை வந்தா, ஊர்ல எல்லார் வீட்டு பக்கெட்டுலயும்ல நத்தை இருக்கணும்? செடியில வந்ததும்மா."

"செடி சீல் வைத்த கப்பில் வந்தது."

"கப்பா? கப் செடியில வரவே வராது. அது லேப்புல ஜெல்லி ஊத்தி அதுல வளக்கறது. மூடிய தொறக்கற வரைக்கும் கிருமி கூட இருக்காது. ஒங்கள யாரோ நல்லா ஏமாத்திருக்காங்க."

"என் மாப்பிள்ளை."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அவர் வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

மாப்பிள்ளை, நான் முப்பத்தொரு வருஷம் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். அந்த ஜெல்லியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றுவது தினமும் என் வேலை. நாம் வைப்பதைத் தவிர அதில் வேறொன்றும் முளைக்காது. முளைத்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உலகத்தில் எத்தனையோ பேரிடம் ஜெல்லியைப் பற்றிக் கதை விடலாம். தேடிப் பிடித்து என்னிடம் விட்டிருக்கிறீர்கள்.

எனக்கு வேண்டியது இரண்டு. கடையின் பெயர். அந்த ஆறு கப்பில் ஒன்று.

மருந்து அனுப்ப வேண்டாம். அதைப் போட்டால் நத்தையெல்லாம் ஒரே நாளில் செத்து, தண்ணீர் நாறி, மீனும் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னார். நான் மீனுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டு விரல் நுனியில் எடுக்கும் அளவு மட்டும் போடுகிறேன். என் பக்கத்தில் தவறு இல்லை.

என் தரையை நாற்பது வருஷத்துக்கு முன்னால் போட்டவர் நேர்மையான கொத்தனார். அதில் சரிவு இல்லை. நேற்று கோலிக்குண்டு வைத்துப் பார்த்தேன்.

உங்கள் மாமியார்


மார்ச் 7, சனி

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதம் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு விசாரணை தேவையா என்று தோன்றுகிறது.

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் மீன் வாங்கினீர்கள் அல்லவா, அந்த மீன் வந்த பையில் தண்ணீர் இருந்திருக்கும். அந்தத் தண்ணீரில்தான் வந்திருக்கும். உங்கள் கடைக்காரர் தன் கடையில் நத்தை இருக்கிறது என்று தானே ஒத்துக்கொள்வாரா? அதனால்தான் செடி மேல் பழி போடுகிறார். இந்த மாதிரி ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன்.

கப் எல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன். கடையும் இப்போது இடம் மாறிவிட்டது. எங்கே போனது என்று விசாரிக்கிறேன்.

எனக்கு இந்த வாரம் இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு ஹோட்டல், மூன்று அலுவலகக் கட்டிடம். மேலும் எழுத நேரமில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகன்


மார்ச் 11, புதன்

மாப்பிள்ளைக்கு,

ஐம்பத்தெட்டு.

தொட்டி வந்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பழக்கம். அதிலிருந்து இரண்டு வரியைப் பார்த்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 10: அகல இலையின் அடியில் பசை போல ஒரு துளி. கண்ணாடி மாதிரி இருக்கிறது. உள்ளே பதினைந்து புள்ளி. செடியின் பால் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 15: மீன் எட்டு வாங்கி விட்டேன்.

அது செடியின் பால் இல்லை, நத்தை முட்டை. இப்போது தெரியும். மீன் வருவதற்கு ஐந்து நாள் முன்பே முட்டை இருந்திருக்கிறது. மீன் பையில் வந்த நத்தை, மீன் வருவதற்கு முன்னால் நடந்து வந்து முட்டை போட்டுவிட்டுப் போய், பிறகு பையில் ஏறி வந்ததா? மீன் கடைக்காரர் மேல் பழி போடும் முன் தேதி கேட்டிருக்கலாம். பொய் சொல்கிறவருக்கு நாட்காட்டியாவது தெரிந்திருக்க வேண்டும்.

இடம் மாறிய கடையை நீங்கள் தேட வேண்டாம். கிடைக்காது.

நத்தை எனக்குப் பொருட்டே இல்லை. ஐந்து நிமிஷ வேலை. எனக்குப் புரியாதது வேறு. பெரிய விஷயத்துக்குப் பொய் சொல்கிற ஆளுக்கு ஒரு பயனாவது இருக்கும். ஒரு கொத்துச் செடிக்கு மூன்று பொய் சொல்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அந்த ஆளுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன்.

லிஃப்டுக்குள் ஒரு அட்டை தொங்குமே, கடைசியாகச் சோதித்த தேதியும் கையெழுத்தும் போட்டு? இத்தனை வருஷமாக நான் அதைப் படித்ததில்லை. நேற்று பல் டாக்டர் இருக்கும் கட்டிடத்தில் படித்தேன். கையெழுத்து உங்களுடையது இல்லை. இருந்தும் நான்கு மாடியும் படியேறிப் போனேன்.

மாடி வீட்டைப் பற்றி: செடி எங்கிருந்து வந்தது என்று உண்மையாக எழுதினால் மேலே யோசிப்பேன். இல்லாவிட்டால் 29-ஆம் தேதி என் மகள் மட்டும் வரட்டும். இன்னும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

மாமியார்


மார்ச் 16, திங்கள்

அத்தைக்கு,

செடி கடையில் வாங்கியது இல்லை. இங்கே எலும்பு மருத்துவமனை வரவேற்பறையில் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி லிஃப்டை நான்தான் பார்க்கிறேன். தொட்டியைப் பராமரிக்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வளர்ந்த செடியை வெட்டி வாளியில் போட்டுக் கொட்டிவிடுவார். ஜனவரி கடைசி சனிக்கிழமை அந்த வாளியிலிருந்து என் டிபன் டப்பாவில் எடுத்துக்கொண்டேன். மூன்று தடவை அலசித்தான் எடுத்தேன். அப்படியும் முட்டை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஆறு கப் என்பது நான் ஒரு கடை ஜன்னலில் பார்த்தது.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்கவில்லை நீங்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, என்ன படித்தேன் என்று கேட்டீர்கள். பாலிடெக்னிக், அதில் ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதித்தான் பாஸானேன் என்று உள்ளதைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். கல்யாணத்தன்று சாப்பாட்டு மேஜையில் அதையே நான்கு பேரிடம் சொல்லிச் சிரித்தீர்கள். "எங்க மாப்பிள்ளை ஒரு தடவையில எதையும் விட மாட்டார், மூணு தடவை படிச்சாத்தான் திருப்தி." நான் பின்னால் தண்ணீர் ஜக்கோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து உங்களிடம் எதைச் சொன்னாலும் மேலே ஒரு உறை போட்டுத்தான் சொல்கிறேன். வாளியில் கிடந்த செடி என்று சொல்லியிருந்தால் அது அடுத்த கல்யாணத்தில் எந்த மேஜைக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

லிஃப்ட் பற்றி. இந்த வேலைக்கு வந்த பதினோரு வருஷத்தில், பார்க்காத கம்பிக் கயிற்றைப் பார்த்ததாக நான் ஒரு தடவையும் எழுதியதில்லை. போன ஜூலையில் அதே ஆஸ்பத்திரியில் பிரேக்கில் சந்தேகம் என்று கையெழுத்துப் போட மறுத்தேன். நான்கு நாள் நோயாளிகளைச் சாய்வுப் பாதையில் ஸ்ட்ரெச்சரோடு தள்ளினார்கள். கேன்டீன்காரர் வரைக்கும் என்னைத் திட்டாத ஆள் இல்லை. ஐந்தாம் நாள் கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்து, நான் சொன்னதுதான் சரி என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு அனுப்ப மாட்டேன்.

மாடியைக் கேட்டது உங்கள் மகள். நான் கேட்கவில்லை. அவள் பஸ்ஸில் வேலைக்குப் போய்வர வசதியாக, இங்கே எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். அவளுக்கு அம்மா பக்கத்தில் இருக்க ஆசை. அதனால்தான் இத்தனை கடிதத்துக்கும் பதில் எழுதினேன்.

கடைசியாக ஒன்று. அந்த ஆஸ்பத்திரித் தொட்டியிலும் இதே நத்தை உண்டு. என்றைக்குப் பார்த்தாலும் பத்துக்கு மேல் தேறாது. தின்னக் கிடைப்பது எவ்வளவோ அவ்வளவுதான் நத்தை பெருகும் என்று தொட்டிக்காரர் சொன்னார். உங்கள் தொட்டியில் இரண்டு வாரத்தில் பதினான்கு ஐம்பத்தெட்டு ஆகியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு முறை, விரல் நுனி அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எதுவும் கேட்கவில்லை. நோட்டுப் புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது.

மருமகன்


மார்ச் 21, சனி

மாப்பிள்ளைக்கு,

எலும்பு மருத்துவமனைத் தொட்டியில் வெளியே தெரியும் நத்தைகள் ஒன்பது. நேற்று பகல் பன்னிரண்டு மணிக்கு நானே எண்ணினேன்.

ஆமாம், பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்தேன். உங்களைப் பார்க்க வரவில்லை, சரிபார்க்க வந்தேன். தொட்டிக்காரர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லாமல் விசாரித்தேன்.

"அந்த லிஃப்டுக்காரரா? ஆமா, வெட்டிப் போட்டத டிபன் டப்பாவுல எடுத்துட்டுப் போனாரு. யாருக்குங்கன்னு கேட்டேன், மாமியாருக்குன்னாரு. ஐயோ பாவம்னேன்."

"யாரு பாவம்?"

அவர் துணியைப் பிழிந்துகொண்டே என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா யாரு?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் உங்களைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளை நான் குறித்துக்கொள்ளவில்லை. நான் யார் என்று தெரிந்த பிறகு சொன்னவை கணக்கில் வராது.

இனி, உங்கள் கடிதத்தில் உள்ள பிழைகள். கல்யாணத்தன்று நான் அதைச் சொன்னது நான்கு பேரிடம் இல்லை, ஆறு பேரிடம். பக்கத்து மேஜையிலிருந்து என் தங்கையும் அவள் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் பின்னால் நின்றதை நானும் கவனிக்கவில்லை. நின்றது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது நான் அப்படித்தான் இருந்தேன். இப்போது எப்படி என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ள முடியாது.

மீன் தீவனம் பற்றி உங்கள் கணக்கு சரி. ஒரு நாளைக்கு நான்கு முறை. சில நாள் ஐந்து. நாற்காலியில் போய் உட்கார்ந்தால் எட்டு மீனும் கண்ணாடிப் பக்கம் வந்து நிற்கின்றன. போடாமல் எழுந்து வர முடியவில்லை. ரிப்போர்ட்டில் எண்ணை மாற்றி எழுதிய ஒரு பெண்ணை என் லேபில் அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு "ஒரு முறை" என்று எழுதியது நான்தான். உங்கள் கடிதம் வந்த புதன்கிழமையிலிருந்து நிஜமாகவே ஒரு முறை. வெள்ளரி வைத்து எடுத்தது போக, நத்தை இப்போது நாற்பத்தொன்று.

அந்த ஆஸ்பத்திரி லிஃப்டில் அட்டை பார்த்தேன். மார்ச் 9, உங்கள் கையெழுத்து. கோழி கிண்டியது மாதிரி இருக்கிறது, ஆனால் உங்களுடையதுதான். ஏறி மூன்றாம் மாடி வரை போய்விட்டு இறங்கினேன். மூன்றாம் மாடியில் எனக்கு வேலை எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. மூன்று தடவை அலசினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டிக்காரர், "ஒரு தடவ அலசிட்டுத்தான் போனாரு" என்றார். உண்மையைச் சொல்லும் கடிதம் என்று ஆரம்பித்த கடிதத்திலும் ஒன்றை மூன்றாக்கி எழுதுகிற ஆளை என் தலைக்கு மேலே குடிவைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

மூன்றா, ஒன்றா? பதில் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும்.

மாமியார்


மார்ச் 24, செவ்வாய்

அத்தைக்கு,

மூன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அலசவே இல்லை.

சனிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். வாளியிலிருந்து அப்படியே டப்பாவில் போட்டு மூடினேன். வீட்டுக்குப் போய் அலசலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன். தொட்டிக்காரர் நான் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று ஒரு தடவை என்று சொல்லியிருக்கிறார். அவரைக் கேட்க வேண்டாம், பாவம். மூன்று என்று நான் எழுதியது கை வேகத்தில் வந்துவிட்டது. தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே தெரிந்தது. எடுக்க முடியவில்லை.

தொட்டியை வைத்த அன்று மட்டப்பலகையும் கொண்டுவரவில்லை. கண்ணால் பார்த்துத்தான் வைத்தேன்.

இதற்கு மேல் உங்களுக்குச் சொல்லாதது எதுவும் என்னிடம் இல்லை. இருந்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அந்த வேலையை மிச்சப்படுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் மகளுக்கு எல்லாக் கடிதத்தையும் காட்டப்போகிறேன். உங்களுடையதையும் சேர்த்து.

ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்கு அவள் விமானம் இறங்குகிறது. பத்து மணி சுமாருக்கு இரண்டு பேரும் உங்கள் வாசலில் இருப்போம். பெட்டிகளை மாடிக்குத் தூக்குவதா, எங்கள் ஊருக்குப் போகும் பதினொன்றேகால் பஸ்ஸில் ஏற்றுவதா என்பதை அப்போது சொல்லுங்கள்.

மருமகன்